குமராட்சிக்குக் கணினி வந்த வழி

காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் போகிற காலைப் பேருந்து குமராட்சியை அடையும்போதே நிரம்பி வழியும். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, கையில் சாப்பாட்டு டப்பா. சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரிக்கு ஒரு கூட்டம், பாலிடெக்னிக்குக்கு ஒரு கூட்டம், ஐ.டி.ஐ.க்கும் அண்ணாமலை நகருக்கும் இன்னொரு கூட்டம். என்ன படிக்கிறாய் என்று கேட்டால் அடிக்கடி வருகிற பதில் கம்ப்யூட்டர்தான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர், டிப்ளமோ கம்ப்யூட்டர், ஐ.டி.ஐ.யில் 'கோபா' எனும் கணினி இயக்குநர் பயிற்சி, அல்லது பி.இ. கம்ப்யூட்டர்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே சாலையில் போன பேருந்தில் கல்லூரிக்குப் போனவர்களே குறைவு. போனவர்களும் வரலாறு, பொருளாதாரம், வேதியியல் என்பார்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள் "டைப் அடிக்கப் போறேன்" என்பார்கள். இந்த இரண்டு பேருந்துகளுக்கும் இடையில் குமராட்சி ஒன்றியத்துக்கு என்ன கிடைத்தது, என்ன இன்னும் கிடைக்கவில்லை என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் இது.

குமராட்சி கொள்ளிடத்தின் வடகரை மண். கீழணையில் தேங்கும் காவிரித் தண்ணீர் வாய்க்கால்கள் வழியே இங்கே வந்து சேரும்போது பயணத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கும். சம்பா நெல், அதற்குப் பின் உளுந்து. மேட்டூர் நிரம்பி வழிகிற ஆண்டுகளில் கொள்ளிடக்கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகும். 2022 ஆகஸ்டிலும் புகுந்தது. சிறு நிலமும் கூலி வேலையும் நம்பியிருக்கும் குடும்பங்களே இங்கே அதிகம்.

இந்த மண்ணில் படிப்புச் செலவைப் பயிர்க் கணக்கில்தான் பார்க்க வேண்டும். சம்பா அறுவடைப் பணம் தை, மாசியில் கைக்கு வரும். உளுந்துப் பணம் சித்திரையில் வரும். கல்லூரிச் சேர்க்கை நடக்கிற ஆனி, ஆடியில் இருந்த பணமெல்லாம் நாற்றங்காலுக்கும் உழவுக்கும் போயிருக்கும். அந்த நேரத்தில் கட்டணம் கட்டச் சொன்னால் வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கும். பெரும்பாலும் அது பெண்பிள்ளையின் படிப்பாக இருக்கும்.

அன்று

சிதம்பரம் வட்டாரத்தில் படிப்புக்குப் பஞ்சமில்லை. அது யாருக்குக் கிடைத்தது என்பதுதான் கேள்வியாக இருந்தது. 1916இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் கட்டினார். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். பாடத்தோடு சோறும் இடமும் கொடுத்தால்தான் கிராமத்துப் பிள்ளை படிப்பை முடிக்கும் என்பதை நூறாண்டுக்கு முன்பே கண்டு, அதைச் செய்தும் காட்டியவர் அவர். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1945இல் அங்கே பொறியியல் கல்வி தொடங்கியது. அந்த வளாகத்திலிருந்து உலகம் முழுக்கப் பொறியாளர்கள் போனார்கள். பக்கத்து ஒன்றியங்களிலிருந்து உள்ளே போனவர்களை மட்டும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1980களில் குமராட்சிப் பக்கத்து இளைஞருக்குத் தொழில்நுட்பக் கல்வி என்றால் இரண்டு வழிகள். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் சிவிலோ மெக்கானிக்கலோ எலக்ட்ரிக்கலோ சேர்வது ஒன்று. சிதம்பரத்தின் தேர் ஓடும் வீதிகளில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்வது இன்னொன்று. முதலாவதற்கு இடம் குறைவு. இரண்டாவதற்கு மாதக் கட்டணம் குறைவு, வயது வரம்பும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் ரெமிங்டன் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒரே வரியைத் தாள் நிறைய அடிக்க வேண்டும். விசையைப் பார்க்காமல் அடிக்க வரும் வரை பயிற்றுநர் விடமாட்டார். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். அந்தச் சான்றிதழோடு பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதி அரசு அலுவலகங்களில் உட்கார்ந்தவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அவர்களில் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். இந்த வட்டாரத்தில் எளிய குடும்பத்தின் கைக்கு எட்டிய முதல் தொழில்நுட்பக் கூடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தான் என்று சொல்வேன். அருகில் இருந்தது, செலவு குறைவு, கைக்கு வேலை கற்றுக்கொடுத்தது, நேராக ஒரு பணியிடத்தில் கொண்டுபோய் விட்டது.

கணினி அப்போது வெகு தூரத்தில் இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 என்ற பெருங்கணினி 1973இல் நிறுவப்பட்டது. 1981இல் என்.ஐ.ஐ.டி. தொடங்கிக் கணினிப் பயிற்சியை ஒரு தொழிலாக்கியது. 1990களில் அந்த அலை சிதம்பரத்தையும் தொட்டது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த கட்டடங்களிலேயே கண்ணாடிக் கதவு போட்ட கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்தன. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே குளிர்சாதனம் மனிதருக்காக ஓடவில்லை, இயந்திரத்துக்காக ஓடியது. டி.சி.ஏ., பி.ஜி.டி.சி.ஏ., ஹானர்ஸ் டிப்ளமோ என்று பலகையில் எழுதியிருக்கும். உள்ளே கற்றுக்கொடுத்தவை வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ், பிறகு ஃபாக்ஸ்புரோ, கோபால், சி.

அங்கே படித்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர். வாரத்தில் சில மணி நேரம்தான் இயந்திரம் கிடைக்கும். அதனால் புரோகிராமை முதலில் நோட்டில் எழுதுவார்கள். ஒவ்வொரு வரியிலும் எந்த மாறி என்ன மதிப்பைப் பெறுகிறது என்று பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்ப்பார்கள். முறை வந்ததும் ஓடிப்போய் அடிப்பார்கள். பிழை வந்தால் அதைத் தாளில் குறித்துக்கொண்டு எழ வேண்டும், அடுத்தவர் காத்திருப்பார். மின்சாரம் போனால் யு.பி.எஸ். கூவும், ஃபிளாப்பியில் சேமிக்காதது போயிற்று. 1.44 மெகாபைட் கொண்ட அந்த மூன்றரை அங்குல வட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வருவார்கள். வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

பணம்தான் பெரிய வடிகட்டி. ஆறு மாதப் படிப்புக்குத் தனியார் மையம் கேட்ட தொகை ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாதது. நகை அடகு வைத்துச் சேர்ந்தவர்கள் உண்டு. வாங்கிய சான்றிதழுக்கு அரசின் அங்கீகாரம் இல்லை என்பது வேலை தேடும்போதுதான் தெரியும். மேற்படிப்பிலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. கணினிகளின் இரண்டாயிரமாவது ஆண்டுச் சிக்கலை (ஒய்2கே) சரிசெய்ய உலகம் கோபால் மொழி தெரிந்தவர்களைத் தேடியபோது சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தவர்களுக்கு அழைப்பு வந்தது. அதே மொழியை அதே புத்தகத்தில் படித்த சிதம்பரத்துப் பிள்ளைகளில் பலர் உள்ளூர் ஜெராக்ஸ் கடையில் டி.டி.பி. அடித்தார்கள்.

மாறிய வழி

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அரசின் சில முடிவுகள் வந்து சேர்ந்தன. 1997இல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையில் நுழைவுத் தேர்வு இல்லை. நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் போக முடியாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. வீட்டில் பட்டதாரியே இல்லாத குடும்பங்கள் நிறைந்த இந்த ஒன்றியத்தில் அந்தச் சலுகை எத்தனை வீட்டுக் கதவைத் திறந்திருக்கும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது.

இயந்திரம் வீட்டுக்குள் வந்தது 2011இல். அந்த ஆண்டு செப்டம்பரில் மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. குடிசை வீட்டில், மேற்கூரைக் கழியில் தொங்கும் ஒற்றை பல்பின் கீழே, அந்தக் கருப்புப் பெட்டி முதல்முறையாகத் திறக்கப்பட்டபோது வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். 2012இல் கிராமங்களில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போன நாட்களில், சார்ஜ் ஏற்றிவைத்த மடிக்கணினியின் வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளும் உண்டு. பின்னால் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. 2016க்குப் பிறகு இணையத்தின் விலை சரிந்து, கைப்பேசியே வகுப்பறையானது.

பெண்பிள்ளைகளின் பயணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பட்டப்படிப்புக்கு மட்டுமின்றி டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் அது உண்டு. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அந்த ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வருகிறது, அறுவடைக்காகக் காத்திருப்பதில்லை. ரெக்கார்டு நோட்டு, செய்முறைத் தேர்வுக் கட்டணம், பேருந்து, மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்கு அப்பாவிடம் கையேந்தாமல் சமாளிக்கலாம். ஆனி, ஆடி மாதத்துப் பணமுடையை அறிந்தவர்களுக்கே இந்தத் தொகையின் எடை புரியும்.

இன்று

இன்றைய டிப்ளமோ கம்ப்யூட்டர் வகுப்பில் என்ன நடக்கிறது? பத்தாவது முடித்தவருக்கு மூன்று ஆண்டு. பன்னிரண்டாவதோ ஐ.டி.ஐ.யோ முடித்தவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு லேட்டரல் என்ட்ரியில் போகலாம். பாடத்தில் சி மொழி, தரவுக் கட்டமைப்பு, ஜாவா, தரவுத்தளம், இயங்குதளம் எல்லாம் உண்டு. இவற்றோடு மின்னணுவியல் அடிப்படையும், கணினியைப் பழுதுபார்ப்பதும், நெட்வொர்க் அமைப்பதும் செய்முறையாக உண்டு. பி.இ. வகுப்பில் இந்தக் கைவேலை இந்த அளவுக்குக் கிடையாது. டிப்ளமோவின் தனிச்சொத்து இதுதான்.

ஒரு மேசையைப் பார்ப்போம். நீலநிற நெட்வொர்க் கேபிளின் மேலுறையை ஒரு மாணவி கீறி உரிக்கிறாள். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டவை. முறுக்கைப் பிரித்து, நேராக்கி, வரிசைப்படுத்த வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நுனிகளை ஒரே அளவில் வெட்டி ஆர்.ஜே-45 முனைக்குள் செருகி, கிரிம்பிங் கருவியால் ஒரு அழுத்து. சோதிக்கும் பெட்டியில் செருகினால் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிய வேண்டும். நான்காவது எரியவில்லை என்றால் நீலக் கம்பி முழுதாக உள்ளே போகவில்லை என்று பொருள். வெட்டிப்போட்டு மறுபடி முதலிலிருந்து. எந்த இரண்டு கம்பிகளை ஏன் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள், முறுக்கை அதிகம் பிரித்தால் ஏன் சிக்னல் கெடுகிறது என்பதெல்லாம் அந்த எரியாத விளக்கின் முன்தான் மனத்தில் பதிகிறது. வைவாவில் இதே கேள்வி வந்தால் புத்தகத்தைப் புரட்டத் தேவையில்லை.

இந்த மேசைதான் இன்று சுருங்கி வருகிறது. கம்ப்யூட்டர் என்றால் கோடிங், கோடிங் என்றால் சென்னை, பெங்களூர் என்ற எண்ணம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. கலந்தாய்வில் கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கும் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவுகளுக்கும் கூட்டம் அலைமோதுகிறது. புரோகிராம்களை இணையத்திலிருந்து நகலெடுத்து ரெக்கார்டில் ஒட்டிவிடலாம். இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதியும் கொடுத்துவிடுகிறது. அன்று இயந்திரம் கிடைக்காததால் நோட்டில் யோசித்தார்கள். இன்று இயந்திரம் எப்போதும் கையில் இருப்பதால் யோசிக்கும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. பழைய பற்றாக்குறை திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பென்சிலால் மாறியின் மதிப்பைப் போட்டுப் பார்த்த அந்தப் பழக்கம் மட்டும் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும். எழுதிக் கொடுக்கும் இயந்திரத்தின் விடை சரியா தவறா என்று சொல்ல அந்தப் பழக்கம் உள்ளவரால்தான் முடியும்.

மொழியும் ஒரு தடை. பத்தாவது வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பாடநூலின் முன் உட்காருகிறது. அரியர் விழுவது அங்கேதான் தொடங்குகிறது. 2021க்குப் பிறகு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு டிப்ளமோ, பொறியியல் பாடநூல்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கொண்டுவருகிறது. நல்ல ஆசிரியர் எப்போதுமே தமிழில் விளக்கி, கலைச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப்போடுவார். அந்த இரு மொழி வழிதான் பெரும்பாலோரைக் கரை சேர்த்திருக்கிறது.

இன்னும் வராதது

ஊருக்குள்ளேயே இருந்து படிக்கும் வழி இங்கே இன்னும் வரவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் ஒரு கல்லூரி தொடங்கியது. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாதவர்களுக்கு ஊரிலேயே இரண்டு ஆண்டுப் படிப்பு. சமுதாயக் கல்லூரி என்ற முறை அங்கிருந்து வளர்ந்தது. இன்று அந்நாட்டில் அப்படிப்பட்ட பல கல்லூரிகளில் கணினிப் பொறியியல் தொழில்நுட்பம் ஒரு பாடப்பிரிவு. வேலைக்குப் போகிறவர் மாலையில் வந்து டிஜிட்டல் மின்னணுவியலும் நெட்வொர்க்கும் பழுதுபார்ப்பும் படிக்கிறார். பிறகு விரும்பினால் அந்த மதிப்பெண்களோடு பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனார். பள்ளியை இடையில் விட்டவர்களுக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது அவர் வகுத்த முறை. 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கியது. 2009இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், அதன்பின் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதில் இறங்கின. ஒவ்வொரு திட்டமும் அதன் நிதிக்காலம் முடிந்ததும் தளர்ந்தது. நிரந்தர ஆசிரியர் இல்லாத இடத்தில் ஆய்வகம் தூசி படிந்தது.

இன்னொரு வழியும் தமிழ்நாட்டிலேயே நடந்து காட்டியிருக்கிறது. ஸோகோ நிறுவனம் 2005 முதல் பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைச் சேர்த்து, ஊக்கத்தொகை கொடுத்து, மென்பொருள் கற்றுக்கொடுத்துத் தன்னிடமே வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. தென்காசிக் கிராமத்தில் அலுவலகமும் வைத்திருக்கிறது. பட்டம் இல்லாத பிள்ளையும் சரியான பயிற்சி கிடைத்தால் தரமான மென்பொருள் எழுதும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நம் பக்கம் வேலையே இல்லை என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. சற்றுக் கூர்ந்து பார்த்தால் கணினித் தொழில்நுட்பரின் கை தேவைப்படும் இடங்கள் ஒன்றியம் முழுக்க இருக்கின்றன. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பது தமிழ்நாடு ஃபைபர்நெட் திட்டம். அந்த இழை அறுந்தால் ஒட்டவும், ஊராட்சி அலுவலகத்துச் சாதனத்தைப் பராமரிக்கவும் ஆள் வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022இல் ஒப்புதல் கொடுத்தது. பள்ளி ஆய்வகங்களில் ஓடாமல் கிடக்கும் கணினிகள், இ-சேவை மையங்கள், கடைகளின் கண்காணிப்புக் கேமராக்கள், மோட்டார் கொட்டகைக்கு வரும் சூரிய மின் இன்வெர்ட்டர்கள் என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒன்று பழுதானால் சிதம்பரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ ஆள் வரும்வரை காத்திருக்கிறோம். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் வாரத்தில் அவரும் வர மாட்டார். நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் டிப்ளமோ முடித்தவர்களைத் தொழில் பழகுநராக எடுக்கிறது. 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வேலை நம்மை நோக்கிப் பாதி தூரம் வந்திருக்கிறது.

எனவே ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். குமராட்சிக்கு இன்னொரு பெரிய கட்டடம் தேவையில்லை. அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படாமல் இருக்க வேண்டும். அருகிலுள்ள பாலிடெக்னிக்கின் ஆசிரியர் வாரத்தில் சில மாலைகள் அங்கே வர வேண்டும். படிப்பை இடையில் விட்டவரும் கல்யாணமாகி வந்த பெண்ணும் வயலில் வேலை பார்ப்பவரும் அங்கே சேரலாம் என்று விதி இருக்க வேண்டும். கட்டணத்தைத் தை மாதத்தில் கட்டலாம் என்றும் இருக்க வேண்டும். அங்கே கற்றது டிப்ளமோவின் ஒரு பகுதியாகக் கணக்கில் ஏற வேண்டும். இல்லையென்றால் பழைய கம்ப்யூட்டர் சென்டர் சான்றிதழுக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும். பயிற்சியின் கடைசி மாதங்கள் ஊராட்சி அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பள்ளியிலும் நடக்கிற உண்மையான வேலையாக இருக்க வேண்டும்.

இதற்குத் தேவையான துண்டுகள் எல்லாம் தனித்தனியே நம்மிடம் இருக்கின்றன. ஆய்வகம் பள்ளிக்கல்வித் துறையிடம், பாடத்திட்டம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடம், பயிற்சி நிதி 'நான் முதல்வன்' போன்ற அரசின் திறன் பயிற்சித் திட்டங்களிடம், வேலை ஊராட்சிகளிடம் கிடக்கிறது. இவற்றைச் சேர்க்கும் முதல் கூட்டத்தை ஒன்றிய அலுவலகத்திலேயே கூட்டலாம். கிராமசபையில் ஒரு தீர்மானம் போட்டுத் தொடங்குவதற்குப் பெற்றோர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. காலைப் பேருந்தில் நின்றுகொண்டு போகிற பிள்ளைகளுக்குச் சென்னையும் பெங்களூரும் எப்போதும் திறந்திருக்கட்டும். ஊரிலேயே இருக்க விரும்புகிறவருக்கும் மதிப்பான தொழிலும் அதற்கேற்ற கூலியும் இங்கே கிடைக்க வேண்டும். அதை ஏற்படுத்தித் தருவது இந்தத் தலைமுறைப் பெரியவர்களான நம் பொறுப்பு.